செங்கோட்டையில இருந்து நியூயார்க்: 14,000 கிலோமீட்டரும் 31 மணி நேரமும்

எங்க தென்காசி மாவட்டம் செங்கோட்டைப் பக்கம் யார் வீட்டுல அமெரிக்கா டிக்கெட் போட்டாலும் முதல் கேள்வி ஒண்ணுதான், "எத்தனை மணி நேரம் தம்பி உக்காரணும்?" பேறுகாலம் பாக்கப் போற அம்மாமார், பேரப்பிள்ளைய முதல்முதலா தூக்கப் போற தாத்தாமார், முழங்கால் வலிக்காரங்க, சுகர்காரங்க, இவங்க எல்லாருக்கும் அந்தக் கேள்வி சும்மா தெரிஞ்சுக்கிறதுக்கு இல்ல, உடம்பு தாங்குமாங்கிற பயம். அக்கா நியூஜெர்சியில இருக்கிறதால அப்பா அம்மாவ ஏத்திவிடுறதும் கூட்டிட்டு வாரதும் என் பொறுப்பு, அதனால இந்தக் கணக்கு எனக்கு நல்லாப் பழகிப்போச்சு, போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா இங்க எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க பக்கத்துக்கு ஏர்போர்ட்னா திருவனந்தபுரம்தான். நெட்டுல திருவனந்தபுரம் டு நியூயார்க்னு தேடினீங்கன்னா 13,780 கிலோமீட்டர்னு ஒரு நம்பரும் பதினேழரை மணி நேரம்னு ஒரு நம்பரும் வரும். தூரம் சரிதான். அந்த நேரம் இருக்கே, அது எந்தப் பிளேனோட டைமும் கிடையாது. பிளேன் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் போகும்னு வச்சு வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி சேத்து, மிஷினே போட்டுக் கொடுக்கிற விடை அது. திருவனந்தபுரத்துல ஏறி நேரா நியூயார்க்ல இறங்குற பிளேனே கிடையாதே, அப்புறம் பதினேழரை எங்க இருந்து வரும்? ஆனா நிறைய பேரு அதைப் பாத்துட்டு "காலையில ஏறினா ராத்திரி போயிடலாம்"னு அம்மாகிட்ட சொல்லிடுறாங்க, பாவம் அந்த அம்மா இருபது மணி நேரம் தாண்டியும் ஏதோ ஒரு ஏர்போர்ட் நாற்காலியில உக்காந்திருக்கும்போது மனசு ஒடஞ்சு போயிடுது. உடம்பு அலுப்பவிட அந்த ஏமாத்தம் பெருசு. அதான் எனக்குக் கவலையே.

முதல்ல அந்த 13,780 எப்படி வருதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா அதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. சுவத்துல மாட்டுற உலகப் படத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டா நம்ம ஊர்ல இருந்து ஏமன், சகாரா பாலைவனம், அட்லாண்டிக்னு மேற்கால இழுத்துட்டுப் போகும். அது குறுக்கு வழி இல்ல. பிள்ளைங்க படிக்கிற உலக உருண்டை வீட்டுல இருந்தா ஒரு நூலை எடுத்து ஒரு முனைய கேரளாவோட அடிப்பக்கம் வச்சு, இன்னொரு முனைய நியூயார்க்ல வச்சு, விறைப்பா இழுத்துப் பாருங்க. நூல் மேற்கால போகாது, வடக்கால ஏறும். குஜராத் கரை, பலுசிஸ்தான், துர்க்மெனிஸ்தான், காஸ்பியன் கடல், ரஷ்யா, நார்வே, அப்புறம் கிரீன்லாந்தோட தெக்கு முனைக்குக் கீழ, கனடாவோட லாப்ரடார், அங்க இருந்து இறங்கி நியூயார்க். உருண்டை மேல ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற சின்ன வழி அதான். அப்பா முதல் தடவை போனப்ப சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல கோடு மேல வளைஞ்சு போறதப் பாத்துட்டு, எறங்கி போன் பண்ணினதும் கேட்ட முதல் விஷயமே "ஏம்ல, நியூயார்க் போறதுக்கு எதுக்குக் கனடா மேல சுத்துதான்?"ங்கிறதுதான். சுத்தல அப்பா, அதான் குறுக்கு.

இப்ப அந்த நல்ல விஷயத்துக்கு வாரேன். துபாய் வழியாப் போனா சுத்துன்னு நிறைய பேரு நினைக்காங்க. திருவனந்தபுரம்-துபாய் சுமார் 2,950, துபாய்-நியூயார்க் சுமார் 11,020, ரெண்டையும் கூட்டினா 13,970. நேர்கோட்டவிட இருநூறு கிலோமீட்டர் கூட அதிகம் இல்ல! டெல்லி வழியாப் போனாலும் கிட்டத்தட்ட அதே 14,000தான், லண்டன் வழியாப் போட்டுப் பாத்தாலும் 14,000-க்கு ஒரு மயிரிழை குறைவு. மூணு ஊரும் மூணு திசையில இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா உருண்டை மேல பாத்தா அந்த நூலுக்குப் பக்கத்துலயேதான் கிடக்கு. சிங்கப்பூர் வழி மட்டும் வேற கதை, சிங்கப்பூர்-நியூயார்க் மட்டுமே சுமார் 15,350 கிலோமீட்டர், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல நிக்காம பறக்கிற பிளேன், உலகத்துலயே நீளமான பயணிகள் சர்வீஸ்னு பேர் வாங்கினது. நம்ம பக்கத்துல இருந்து கிழக்கால போய் அதுல ஏறினா மொத்தம் 18,000 தாண்டிடும். அது வேண்டாம்.

அதாவது சிங்கப்பூர விட்டுட்டா மத்த மூணுல எந்த வழியப் புடிச்சாலும் தூரம் அதேதான், ஆனா அதே டிக்கெட் சைட்டுல 22 மணி நேரம்னு ஒண்ணு இருக்கும், 40 மணி நேரம்னு ஒண்ணு இருக்கும். அந்தப் பதினெட்டு மணி நேரம் வானத்துல போறது இல்ல, தரையில போறது. டிக்கெட் போடுறவங்க இத ஒண்ண மட்டும் புரிஞ்சுகிட்டாப் போதும்னு நான் நினைக்கேன்.

வானத்துல போற நேரத்த மாத்துறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு காத்து. பத்து பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து மேற்குல இருந்து கிழக்கா ஓடிட்டே இருக்கு, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் எல்லாம் சாதாரணம், பனிக்காலத்துல இன்னும் கூடும். ஆத்துல தண்ணி இழுக்கிற பக்கம் நீந்துறதுக்கும் எதிர்த்து நீந்துறதுக்கும் என்ன வித்தியாசமோ அதேதான் இங்கயும். பிளேன் காத்துக்குள்ள 900 வேகத்துல போகுதுன்னா, எதிர்க்காத்து சராசரியா நூறு இருந்தா தரைக்கு மேல 800தான் நகரும், பின்காத்து நூறு இருந்தா 1,000. அதே 11,000 கிலோமீட்டர் ஒரு பக்கம் பதினாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, இன்னொரு பக்கம் பதினொண்ணு. நெசத்துல காத்து எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, பைலட்டுங்க எதிர்க்காத்து கம்மியா இருக்கிற பாதையப் பாத்துதான் போவாங்க, அதனால துபாய்-நியூயார்க் போறப்ப சுமார் பதினாலு மணி, வாரப்ப சுமார் பன்னெண்டரைன்னு டைம்டேபிள்ல போட்டிருப்பாங்க. 2020 பிப்ரவரியில பிரிட்டிஷ் ஏர்வேஸோட ஒரு ஜம்போ பிளேன் இந்தக் காத்து முதுகுல தள்ள நியூயார்க்-லண்டன் 4 மணி 56 நிமிஷத்துல போய்ச் சேந்துச்சு, தரைக்கு மேல வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டர் தாண்டிச்சு. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க, எஞ்சின் அதே எஞ்சின், காத்து மட்டும்தான் வேற. அதனால அமெரிக்காவுல இருந்து திரும்பி வாரப்ப அம்மா அப்பா கொஞ்சம் தெம்பா இறங்குவாங்க, போறப்பதான் கஷ்டம், போறப்ப அவங்களுக்கு நடைபாதைப் பக்கத்து சீட்டா பாத்துப் போட்டுக் கொடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க, கால் வீங்குறதும் ரத்தம் கட்டுறதும் ஒரே இடத்துல உக்காந்தே கிடக்கிறதால வாரது.

ரெண்டாவது, எந்த நாட்டு வானம் திறந்திருக்குங்கிறது. 2019-ல பாகிஸ்தான் வான்வெளி பிப்ரவரி கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் மூடிக் கிடந்தது. 2022-ல உக்ரைன் சண்டை ஆரம்பிச்சதும் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா கம்பெனி பிளேன்களுக்கு ரஷ்யா வானம் கிடையாதுன்னு ஆச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து இந்தியக் கம்பெனிகளுக்குப் பாகிஸ்தான் மறுபடி மூடிடுச்சு, அதுல டெல்லியில இருந்து மேற்கால போற பிளேன் எல்லாம் அரபிக்கடல் பக்கமா இறங்கிச் சுத்த வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் ஜூன்ல கத்தார் வானத்தச் சில மணி நேரம் மூடினதுக்கே எத்தனையோ பேரு நடுவழியில மாட்டிக்கிட்டாங்க. உருண்டை மேல நூல் புடிச்சுப் பாக்கிற தூரம் என்னைக்கும் மாறாது, பிளேன் போற தூரம் பேப்பர்ல வார செய்தியப் பொறுத்து மாறும். அதனால கெளம்புற வாரத்துல செய்தி பாத்துக்கோங்க, அவ்வளவுதான் நம்மளால முடியும்.

இப்ப தரைக்கு வருவோம், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது இங்கதான்.

செங்கோட்டையில இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. புளியரை செக்போஸ்ட், எஸ் வளைவு, ஆரியங்காவு, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், தென்மலை, அங்க இடது பக்கம் திரும்பி குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. மேப்புல மூணு மணி நேரம் காட்டும். அந்த மூணு மணி நேரத்த நம்பி யாரும் கெளம்பாதீங்க, கை எடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன். ஜல்லி, எம் சாண்ட், காய்கறி, வைக்கோல்னு கேரளாவுக்குப் போற லாரி எல்லாம் சாயங்காலத்துக்கு மேல புளியரையில வரிசை கட்டி நிக்கும், எஸ் வளைவுல ஒரு லாரி ஆக்சில் ஒடஞ்சு நின்னா முன்னாடியும் போக முடியாது பின்னாடியும் வர முடியாது. கார்த்திகை மார்கழியில ஐயப்பன்மார் கூட்டம், ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் மூணும் இந்தப் பக்கமேதான். ஆனி ஆடியில குற்றாலத்துல சாரல் நல்லா விழுதுன்னா மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுதுன்னு அர்த்தம், மரம் விழும், மண் சரியும். இந்த ரோட்டுக்கு நான் அஞ்சு மணி நேரம் ஒதுக்குவேன், வண்டிக்காரர் "எதுக்கு சார் இவ்வளவு சீக்கிரம்"னு கேட்டாலும் அஞ்சு மணி நேரம்தான். சீக்கிரம் போனா ஏர்போர்ட் வெளியில ஒரு சாயா குடிச்சிட்டு உக்காந்திருக்கலாம், லேட்டானா 14,000 கிலோமீட்டர் டிக்கெட்டும் போச்சு.

மதுரையோ தூத்துக்குடியோ போகலாமேன்னு கேப்பாங்க, போகலாம், மலை ஏற வேண்டாம், ஆனா மதுரை நூத்தம்பது கிலோமீட்டர் பக்கம், அப்புறம் இன்னொரு இடத்துல மாறி மாறிப் போகணும். துபாய், அபுதாபி, தோஹா மூணுக்கும் நேரா ஏறிடலாம்ங்கிறதால எங்க பக்கத்துக்குத் திருவனந்தபுரம்தான். 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்லயும் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலயும்தான இருந்துச்சு, பழைய ஆளுங்களுக்கு அது இன்னும் தலைநகரம் மாதிரித்தான், என் தாத்தா கடைசி வரைக்கும் பெரிய ஆஸ்பத்திரின்னா அனந்தபுரம்தான்னு சொல்வாங்க.

அந்த ஏர்போர்ட்ல வேற எங்கயும் இல்லாத ஒண்ணு இருக்கு. பத்மநாபசாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ரன்வேயத் தாண்டித்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். ரன்வே வாரதுக்கு முன்னாடி இருந்தே அது சாமி போற வழி, அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனித் திருவிழாவுக்கும் ஐப்பசித் திருவிழாவுக்கும், சாயங்காலம் சில மணி நேரம் பிளேன் எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. முன்கூட்டியே அறிவிச்சு டைம மாத்திடுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அந்த ரெண்டு மாசத்துல டிக்கெட் போடுறவங்க ஆராட்டு தேதியப் பாத்துக்கோங்க. இன்னொண்ணு, உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் கடல் பக்கம், வெளிநாட்டு டெர்மினல் சாக்கை பக்கம், நடுவுல ரன்வே. மாறிப் போயிட்டா ரோட்டுல சுத்தித்தான் வரணும், வண்டிக்காரர்கிட்ட கெளம்பும்போதே "சாக்கை பக்கம்"னு சொல்லிடுங்க.

அப்ப மொத்தக் கணக்கு என்ன ஆகுது? ரோடு நல்லா இருந்தா மூணரை மணி, செக்கின் செக்யூரிட்டின்னு மூணு மணி, துபாய் வரைக்கும் நாலு மணி சொச்சம், துபாயில ஒரு மூணரை மணி, நியூயார்க் வரைக்கும் பதினாலு, இமிகிரேஷனும் பெட்டி எடுக்கிறதும் ஒண்ணரை, அங்க இருந்து எடிசன்ல அக்கா வீட்டுக்கு ஒண்ணரை. முப்பத்தொரு மணி நேரம். பறக்கிறது பதினெட்டு சொச்சம், மிச்சம் பதிமூணு மணி தரை. பெரியவங்ககிட்ட இந்த முப்பத்தொண்ணையே சொல்லுங்க, "ஒண்ணேகால் நாள் ஆகும்மா"ன்னு சொல்லுங்க, மனசத் தயார் பண்ணிக்குவாங்க.

நடுவுல மாறுற நேரம் ஒண்ணரை மணின்னு இருந்தா விலை கம்மியா இருந்தாலும் வேண்டாம், வயசானவங்களுக்கு மூணு நாலு மணி நேரம் வேணும், வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேட்டு வச்சிடுங்க, வீல்சேர் இருந்தா நடக்க வேண்டாம்ங்கிறது மட்டும் இல்ல, கூட ஒரு ஆள் வழி காட்டுறதுக்கு இருக்காங்கங்கிறது பெரிய தைரியம். எல்லாம் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருக்கணும், அப்பதான் திருவனந்தபுரத்துல போட்ட பெட்டி நியூயார்க்லதான் கைக்கு வரும். காசு மிச்சம்னு துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்க இருந்து தனியா ஒரு டிக்கெட்னு போட்டா பெட்டிய வெளிய வந்து எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த ஊர் விசா வேணும், முதல் பிளேன் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது.

அபுதாபி வழிய நான் ஏன் தேடிப் பாத்துப் போடுறேன்னா, 2014-ல இருந்து அங்கயே அமெரிக்க இமிகிரேஷன முடிச்சிடலாம். பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே அவங்க ஆபீசர் பாஸ்போர்ட்டப் பாத்து சீல் அடிச்சு அனுப்பிடுவாங்க, நியூயார்க்ல இறங்கினா உள்ளூர் பயணி மாதிரி பெட்டிய எடுத்துட்டு வெளிய வரலாம். பதினாலு மணி நேரம் உக்காந்துட்டு வந்து, தூக்கக் கலக்கத்துல, இங்கிலீஷ்ல கேள்வி கேக்கிற ஆபீசர் முன்னாடி அம்மா நிக்கிறத நினைச்சாலே எனக்கு நெஞ்சு அடிக்கும், அத முன்னாடியே தெளிவா இருக்கும்போது முடிச்சிட்டா எவ்வளவு நிம்மதி. அங்க லைன் நீளமா இருக்கும்ங்கிறதால அபுதாபியில மூணு மணி நேரத்துக்குக் குறையாம இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. டல்லாஸ், அட்லாண்டான்னு உள்ளூர் பிளேன் மாறிப் போறவங்க இன்னும் கவனிக்கணும், அமெரிக்காவுல முதல்ல இறங்குற ஊர்ல பொதுவா பெட்டிய எடுத்து மறுபடி போடணும், இத சொல்லாம விட்டா அவங்க பெட்டிய விட்டுட்டுப் போயிடுவாங்க.

கடிகாரம் பத்தி ஒண்ணு. நியூயார்க் நம்மவிட கோடைகாலத்துல ஒம்பதரை மணி பின்னாடி, பனிக்காலத்துல பத்தரை மணி. உதாரணத்துக்குக் கோடையில காலை நாலரைக்குத் திருவனந்தபுரத்துல ஏறினா, துபாயில மூணு மணி நேரத்துக்கு மேல இருந்துட்டுப் போனாலும், அதே நாள் சாயங்காலம் நாலரைக்கு நியூயார்க்ல இறங்குவாங்க. கடிகாரத்துல பன்னெண்டு மணி நேரம், உடம்புக்கு இருபத்தொண்ணரை மணி நேரம், நம்ம ஊர்ல அப்ப ராத்திரி ரெண்டு மணி. சூரியன் போற பக்கமே பிளேனும் போறதால வழி முழுக்கப் பெரும்பாலும் பகல்தான், ஜன்னல மூடித் தூங்கச் சொல்லணும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க கடிகாரத்தப் பாத்து எடுக்கக் கூடாது, எத்தனை மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர்கிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல இந்திய நேரத்துலயே எழுதிக் கொடுத்துடுங்க, அப்பாவுக்கு நான் பழைய கைக்கடிகாரம் ஒண்ண இந்திய நேரத்துல வச்சு சட்டப் பையில போட்டு அனுப்புவேன், நியூயார்க் நேரத்துக்குப் போன் மாறிக்கும், மாத்திரைக்கு அந்தக் கடிகாரம். மாத்திரை எல்லாம் கைப்பையில, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட. லேகியமும் ஊறுகாயும் பெரிய பெட்டியில போகட்டும்.

திரும்பி வாரப்ப துபாய், அபுதாபியில இருந்து வார பிளேன் நிறைய நடுராத்திரிக்கு மேல, விடியக் காலம் மூணு நாலு மணிக்குத்தான் திருவனந்தபுரத்துல இறங்கும். பிள்ளைங்களுக்கு உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும்னு அவசரம் இருக்கும். பாலோடு தாண்டினா தென்மலை வரைக்கும் காட்டு ரோடு, வண்டிக்காரரும் ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்தவர். ஏர்போர்ட் பக்கத்துல ஒரு ரூம் போட்டுக் குளிச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டு, ஆறரை மணிக்கு மேல மெதுவா மலை ஏறுங்க, பதினோரு மணிக்குள்ள செங்கோட்டை வந்துடலாம்.